மூஞ்சூறு மோந்த இலை

இன்னும் கிட்ட நகர்ந்து உட்காருங்க, இது மெதுவாகச் சொல்ல வேண்டிய கதை.

ஒரு காட்டில் ஒரு மூஞ்சூறு இருந்தது. மோந்து பார்த்துத் தெரிந்தால் சொல்லும், தெரியாவிட்டால் தெரியாது என்னும். தப்பாகச் சொன்னதே இல்லை. ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வரும்போது வெள்ளெலி ஓர் இலையைக் கவ்விக்கொண்டு ஓடிவந்தது.

"அண்ணே, வளை வாசல்ல யாரோ இதை உரசிட்டுப் போயிருக்காங்க. காட்டுப்பூனையா, மரநாயா? மரநாய் பழந்தின்னி, பயமில்லை. பூனைன்னா இப்பவே குட்டிகளைத் தூக்கணும். கடைக்குட்டி நோஞ்சான், மழை தாங்காது."

"ஒரு தடவைதான் தாயி மோக்க முடியும். என் மூச்சோட வாடை போயிடும்."

மூஞ்சூறு இழுத்து மோந்தது. இரண்டுக்கும் பொதுவான வாடைதான் ஏறியது. பூனைக்கு மட்டும் உள்ளதும் வரவில்லை, மரநாய்க்கு மட்டும் உள்ளதும் வரவில்லை.

"தெரியலை."

"இதுக்கா இவ்வளவு நீள மூக்கு! குத்துமதிப்பா ஒண்ணைச் சொல்லுங்களேன்."

"அப்படி நான் சொன்னதே கிடையாது தாயி."

வெள்ளெலி கொட்டும் மழையிலேயே குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விப் பாறையிடுக்குக்குக் கொண்டுபோனது. கடைக்குட்டி வழியிலேயே விறைத்துப்போனது.

மழை விட்டதும் மூஞ்சூறு அந்தக் காலி வளைப் பக்கம் போனது. புதருக்கடியில், நனையாமல், ஈச்சங்கொட்டைகளோடு மரநாயின் எச்சம் கிடந்தது. தூரத்தில் வெள்ளெலி வருவது தெரிந்தது. மூஞ்சூறு அவசர அவசரமாக மண்ணைத் தள்ளி அதை மூடியது.