நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும்

அரை பிளேடை விரலிடுக்கில் மறைத்துக்கொண்டு பொன்னுதுரை ஜெபசெல்வியின் மேஜையை நெருங்கினார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அறையில் வேறு யாரும் இல்லை, அவளும் இல்லை. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

முத்தையாபுரம் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக அவர்தான் டைப்பிஸ்ட். எஞ்சினியர்களின் அறிக்கையில் சிக்மா, இன்டெக்ரல் என்று கணக்குக் குறி வந்தால் டைப் மெஷினில் அதற்கு எழுத்து கிடையாது. இடம் விட்டு அடித்து, பிறகு பேனாவால் அழகாக வரைவார். பிசகினால் அரை பிளேடால் மையைச் சுரண்டுவார், தாளுக்கு வலிக்காது. அந்தக் கையை மெச்சாத ஆபீசர் இல்லை, போன மாசம் வரைக்கும்.

போன மாசம்தான் நாசரேத்திலிருந்து இந்த ஜெபசெல்வி வந்து சேர்ந்தாள், கணக்குப் பட்டதாரி. இனி ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண்ணாம். அந்த எண்ணை அட்டையில் துளை போட்டு அனுப்பினால், சென்னையில் இருக்கிற கம்ப்யூட்டர் அதைப் பார்த்துக் குறியை வரைந்துவிடுமாம்.

எந்தக் குறிக்கு எந்த எண் என்ற பட்டியல் சென்னையிலிருந்து வந்தது. ஆபீசர் அருமைநாயகம் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதற்காகச் சாவியை ஆட்டிக்கொண்டு நிற்க, அவள் நின்றபடியே அவசரமாக நோட்டில் நகலெடுத்தாள். அந்த நோட்டைப் பார்த்துப் பெரிதாக மையில் எழுதி, தன் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டினாள்.

"பேனாவால வரையுத காலமெல்லாம் போச்சு வே," என்று பொன்னுதுரையிடம் சிரித்தார் அருமைநாயகம். "இந்த அறிக்கை மட்டும் நல்லா வரட்டும், சென்னை டிரெயினிங்குக்கு இந்தப் பிள்ளையைத்தான் அனுப்பணும்."

பதினெட்டு வருஷமாகக் கேட்டும் இவருக்குக் கிடைக்காத டிரெயினிங்! அன்றிலிருந்து பொன்னுதுரைக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பஸ்ஸை விட்டு இறங்குவதைப் பார்த்தாலே வயிறு எரிந்தது.

இப்போது எதிரே சுவரில் சிக்மா 41, இன்டெக்ரல் 42 என்றிருந்தது. இரண்டே சுரண்டல். ஒன்றை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி, அவள் கையெழுத்திலேயே எழுதி ஊதிக் காயவைத்தார். பிறகு அவள் வந்து சுவரைப் பார்த்துப் பார்த்துத் துளை போட்ட சத்தம், அவர் காதுக்குக் கோயில் பாட்டாக இருந்தது.

பத்தாம் நாள் சென்னையிலிருந்து அறிக்கை வந்தது.

"பொன்னுதுரை, இங்கன வாரும்!"

அவள் ஏச்சு வாங்குவதைப் பார்க்க ஆபீசர் அறைக்கு ஆசையாய் ஓடினார். மேஜையில் அறிக்கை விரிந்து கிடந்தது. சிக்மா வேண்டிய இடத்தில் சிக்மா, இன்டெக்ரல் வேண்டிய இடத்தில் இன்டெக்ரல். ஒரு பிசகில்லை. பக்கத்தில் ஜெபசெல்வி மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு நின்றாள். பாவி, ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தார்.

"கையைக் கொடும்," என்றார் அருமைநாயகம். "சென்னைக்குப் போறது நீருதான்."

"நானா சார்?"

"அந்தப் பிள்ளையே சொல்லிட்டா. உம்ம கண்ணு மாதிரி ஒரு கண்ணுதான்வே அங்க வேணும்."

ஜெபசெல்வி தன் நோட்டை நீட்டினாள். அதில் சிக்மா 41, இன்டெக்ரல் 42. பீரோவிலிருந்து எடுத்த சென்னைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்தாள். அதில் சிக்மா 42, இன்டெக்ரல் 41.

"அவசரத்துல நான்தான் மாத்தி எழுதிட்டேன். இன்னைக்குத்தான் ஒத்துப் பார்த்தேன். சுவர்ல சுரண்டித் திருத்தியிருந்த விதத்துலயே உங்க கைன்னு தெரிஞ்சிட்டு. எம்மேல ஒரு வார்த்தை புகார் சொல்லலியே நீங்க!" அவள் கண் கலங்கியிருந்தது. மக்ரூன் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பட்டியலைப் பார்க்காமலே எப்படி அண்ணாச்சி கண்டுபிடிச்சிய?"