பூச்சி தின்ற எழுத்து

கடலூர் நூலகத்தின் உள்ளூர் வரலாற்று அறையில் அன்று இருந்தவர்கள் மூவர்: குறிஞ்சிப்பாடி தில்லைநாதன், அவருடைய தங்கை கணவர் சிதம்பரம் நடனசபாபதி, நூலகர் வெண்மதி. தாமும் கூட இருந்ததாக இப்போது சொல்லித் திரிகிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

மேசைமேல் ராமாமிர்தம் வாத்தியார் 1930-இல் எழுதிய நாட்குறிப்பு இருந்தது. மறுநாள் அதைக் கண்காட்சியில் விளக்க அட்டையோடு வைக்கப்போகிறார்கள். தில்லைநாதனின் தாத்தா சுப்பராயலுவைப் பற்றித் தொண்ணூறு வருடமாக ஊரில் ஒரு வதந்தி. அந்த அட்டையாவது அதற்கு முடிவு கட்ட வேண்டுமென்று, தில்லைநாதன் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

வெண்மதி படித்தாள். “மதியம் பலாப்பழ விருந்து. பின்பு உப்பெடுக்கும் ரகசியத் திட்டத்தை வாசித்தேன். தொடக்கம் முதல் முடிவு வரை சுப்பராயலு...” நிறுத்தினாள். “இங்க ராமபாணப் பூச்சி தின்னுடுச்சு சார். ‘ட்டை விட்டார்’னு மட்டும் இருக்கு. அடுத்த வரி, ‘மறுநாள் எங்களுக்கு முன்பே போலீஸ் உப்பளத்தில் நின்றது.’”

“கோட்டை விட்டாருன்னு போடும்மா,” என்றார் நடனசபாபதி. “அவுங்க குடும்பத்துல அது வழக்கம்.”

“வாய மூடிக்கிட்டு ஒக்காருங்க மச்சான்.”

“சரி, மாட்டை விட்டாரு. அது வேணாம்னா ஆட்டை.”

வெண்மதிக்குப் பாவமாக இருந்தது. “நாட்டை விட்டார்னு போட்டா கௌரவமா இருக்கும் சார். ரங்கூன் போனார்னு சேத்துக்கலாம்.”

“போகாத ஊருக்கு எங்க தாத்தாவ அனுப்பாத. எழுதியிருக்கறதப் படி.”

எதிர்ப்பக்கத்தில் மை லேசாக ஒட்டி, எழுத்துகள் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. வெண்மதி கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்துக் காட்டினாள். முதலில் ‘கு’ தெரிந்தது. அடுத்து ‘ற’. அவள் சட்டென்று கண்ணாடியைக் கவிழ்த்தாள்.

அதற்குள் நடனசபாபதி பார்த்துவிட்டார். நாற்காலியோடு குலுங்கினார். “குறட்டை. ஒங்க தாத்தா தியாகி இல்ல மச்சான், தூங்குமூஞ்சி.”

“கூட்டத்தில் கலந்துகொண்டார்னு மட்டும் போட்டுடவா சார்?” என்று வெண்மதி மெல்லக் கேட்டாள்.

தில்லைநாதன் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

“குறட்டைன்னே போடும்மா. தொடக்கம் முதல் முடிவு வரைங்கறத விட்டுடாத. எழுத்து பெருசா இருக்கட்டும்.”

“மானம் போயிடும் மச்சான்,” என்றார் நடனசபாபதி, சிரிப்பை நிறுத்தி.

“இன்னிக்குத்தான் திரும்பி வந்துருக்கு. எங்க தாத்தா திட்டத்தப் போலீசுக்குக் காட்டிக் குடுக்கல. அவுரு அதக் கேக்கவே இல்ல.”