ஆல்டர்பியில் ஞாயிறு மாலை

பள்ளி விளையாட்டரங்கு முழுக்க வயதான ஆண்கள் குனிந்து நின்று, விரல் உயர மாதிரி ரயில்களை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுடைய மனைவிமார் தேநீர் மேசைப் பக்கம் இருந்தார்கள். அந்தப் பக்கம் கண்காட்சியில் சேராது.

கிளெண்டா இரண்டு கோப்பைத் தேநீரோடு தன் கணவர் டெஸ்மண்டின் மேசைக்கு நடந்தாள். ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு. குடித்து முடித்ததும் சொல்லிவிட வேண்டும்.

நாளை ஞாயிறு. காலை வண்டியில் அவள் ஸ்கார்பரோவுக்கு, தங்கை வீட்டுக்குப் போகிறாள். டிக்கெட் கைப்பையில் இருந்தது. திரும்பி வர டிக்கெட் வாங்கவில்லை.

காரில் வரும்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் டெஸ்மண்டின் மடியில் சிக்னல் அறை இருந்தது. மடியில் சிக்னல் அறை இருக்கும்போது அவரிடம் பேசக் கூடாது.

அவள் பிறந்தது மார்ச்சிலா மேயிலா என்பதில் அவருக்கு நாற்பது வருடமாகக் குழப்பம். நீராவி இஞ்சின்களின் பிறந்தநாளில் அந்தக் குழப்பம் வந்ததே இல்லை.

எட்டு வருடம் பரணில் உட்கார்ந்து இந்த ரயில் நிலையத்தை அவர் கட்டினார். அவள் ஒருமுறைகூட ஏறிப் பார்த்ததில்லை. அவரும் கூப்பிட்டதில்லை. அந்த விஷயத்தில் இருவருக்கும் நல்ல ஒற்றுமை.

அவர் மேசையில் கூட்டமே இல்லை. குழந்தைகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்கு ஓடினார்கள்.

ஏனென்றால் டெஸ்மண்டின் ரயில் நிலையத்தில் ரயில் இல்லை.

நடைமேடை, பாலம், பூந்தொட்டி, காத்திருக்கும் அறைக் கதவின் பித்தளைக் கைப்பிடி வரை எல்லாம் இருந்தன. தண்டவாளம் மட்டும் காலி.

எட்டு வருடம் உழைத்து, கடைசியில் முக்கியமானதை மறந்துவிட்டார் என்று கிளெண்டா நினைத்துக்கொண்டாள். புதிதாக ஒன்றுமில்லை.

மேசைக்கு முன்னால் கிளைவ் நின்றிருந்தார், கையில் பூதக்கண்ணாடியோடு. அடுத்தவர் தவறைக் கண்டுபிடிப்பதற்கென்றே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் ஒரு மாதிரியில் மேய்ந்த பசு அந்த மாவட்டத்துப் பசுவே இல்லை என்று நிரூபித்தார். பசுவை வைத்தவர் அதன்பிறகு எந்தக் கண்காட்சிக்கும் வரவில்லை.

"ஏம்ப்பா டெஸ்மண்ட், வண்டி எங்கப்பா?"

"பலகையப் படி. ஆல்டர்பி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அப்பல்லாம் அந்தக் கிளைப்பாதையில ஞாயித்துக்கிழமை வண்டி கிடையாது."

கிளைவின் முகத்தில் பக்தி போல ஒன்று பரவியது. வண்டி ஓடாத நாளைக்கூடத் துல்லியமாகச் செய்திருக்கிறானே. பிறகு பூதக்கண்ணாடியைத் தாழ்த்தினார்.

"அப்ப இந்தம்மா எதுக்குப் பெட்டியோட உக்காந்திருக்கு?"

"அவளுக்கு அது தெரியாது."

கிளெண்டா குனிந்து பார்த்தாள்.

நடைமேடைப் பெஞ்சில் ஒரு பெண். கடுகு மஞ்சள் கோட்டு. காலடியில் சிவப்புப் பெட்டி. மழை பெய்திருக்கிறது என்று காட்ட, தரை முழுக்க வார்னிஷ் பூசியிருந்தது.

அந்தக் கோட்டைக் கிளெண்டா எப்போதோ தானமாகக் கொடுத்துவிட்டாள்.

கல்யாணமான இரண்டாம் வருடம் அது. அவர் பரணில் இருந்த நேரம் பார்த்துப் பெட்டியோடு ஆல்டர்பி நிலையத்துக்குக் கிளம்பினாள். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தும் வண்டி வரவில்லை. ஞாயிறன்று வண்டி இல்லை என்பதை அவர் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். ரயிலைப் பற்றி அவர் சொல்வது எதுவும் காதில் ஏறாமல் இருக்க அவள் அதற்குள் பழகியிருந்தாள்.

மழையில் நனைந்து வீட்டுக்குத் திரும்பினாள். அதற்கு, அவரை மன்னித்தது என்று பிற்பாடு பெயர் வைத்துக்கொண்டாள்.

பெட்டியைத் தோட்டக் கொட்டகையில் ஒளித்துவிட்டு உள்ளே போனபோது அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அவர் தலை ஈரமாக இருந்தது. அதிசயமாகச் சொல்லாமலே குளித்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

தேநீரைக் கொடுக்க மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போனாள். பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாத பக்கம் அது.

சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு ஆள் சைக்கிளோடு நின்றிருந்தான். அவன் முகம் பெஞ்சைப் பார்த்து இருந்தது. தொப்பி இல்லை. தலையில் வார்னிஷ் மினுங்கியது.

சைக்கிளில் ஒரு குடை செருகியிருந்தது. மடித்தபடியே.

டெஸ்மண்ட் அவள் பக்கம் திரும்பவில்லை. மெல்லிய தூரிகையால் பெஞ்சைச் சுற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

அவர் கோப்பையை அவர் பக்கத்தில் வைத்தாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்று கேட்டாள்.

"டெஸ்மண்ட், நாளைக்கு ஸ்கார்பரோவுக்கு வண்டி இருக்கா?"

வண்டி நேரம் தெரிய வேண்டுமென்றால் அந்த ஊரில் ரயில் நிலையத்துக்கு யாரும் போன் செய்வதில்லை. டெஸ்மண்டுக்குத்தான் செய்வார்கள். இன்றுவரை அவர் தப்பாகச் சொன்னதில்லை.

தூரிகை நின்றது.

"கிடையாது," என்றார், பெஞ்சைப் பார்த்தபடியே. "நாளைக்கு ஞாயிறு. தண்டவாளத்துல ஏதோ வேலை நடக்குது."

கிளைவ் வெடுக்கென்று நிமிர்ந்தார். ஒரு தவறு காதில் விழுந்ததும் அவர் முகமே மலர்ந்துவிட்டது. திருத்துவதற்கு வாயைத் திறந்தார்.

கிளெண்டா தன் கோப்பையை அவர் கையில் திணித்தாள்.

"குடிங்க கிளைவ், ஆறிடப் போகுது."