சிகிரியாவில் பின்தொடர்ந்தவர்

சாய்ந்தமருதில் சுற்றுலா வேனில் ஏறிய அந்த ஆள், சிகிரியா வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். மலைப் படிகளில் நான் நின்றால் அவரும் நின்றார். படம் எடுக்க ஒதுங்கினால் அவரும் ஒதுங்கினார். என் தாடியைத் தடவிக்கொண்டேன். உளவுப் பொலிஸ்தான், சந்தேகமில்லை.

உச்சியில், இடிந்த அரண்மனைச் சுவரருகே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, என்ன தொழில்?"

"படிப்பிக்கிறன்."

"சிகரட், தூள் பழக்கம்?"

"இல்ல."

"பொழுதுபட்டா எங்க நிப்பீங்க?"

"வீட்டதான்."

"கூட்டாளிமார் ஆரு?"

அண்ணன் முறை வைத்துக் கெஞ்சினேன். "காக்கா, நான் ஒரு இயக்கத்திலயும் இல்ல. வேணுமெண்டா போனைப் பாருங்க."

அவர் திகைத்தார். "யா அல்லாஹ்! என்னப் பொலிஸெண்டா நினைச்ச? எங்கட தங்கச்சி முஸ்பிறாக்கு உங்களக் கலியாணம் பேசி வந்திருக்கு. அதான் ஆளப் பார்க்க வந்தன்."

"எனக்கு உம்மா வாப்பா இல்லியே. ஆரு பேசின?"

"உங்கட மாமிதான். மகள் மவுத்தாகி அடக்கம் செஞ்சு ரெண்டு வருசம், மருமகன் இன்னும் சிரிக்கல்ல எண்டு அழுதா. எங்களுக்குச் சீதனம் குடுக்க வீடில்ல எண்டு சொன்னன்."

தலையைக் குனிந்துகொண்டார்.

"மகள்ற வீட்டையே முஸ்பிறாக்கு எழுதித் தாறாவாம்."