ரோடு வளைந்த இடம்

இன்ஜினியர் செர்ப்பாவை இடலீனா தன் சாப்பாட்டுக்கடை வாசலுக்கே வந்து, ஊர் வழக்கப்படி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து உள்ளே அழைத்துப் போனாள். ஜன்னலோர மேஜை, சலவை விரிப்பு, தட்டில் அடுப்பில் வாட்டிய ஆட்டுக்குட்டித் தொடை. மூலையில் உட்கார்ந்திருந்த அவள் கொழுந்தன் அல்பானுவுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? அவன் அண்ணன், இடலீனாவின் புருஷன் ஃபிர்மீனு பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டை இடித்து ரோடு போட்டவர் இந்தச் செர்ப்பாதான். நேராக விட்டிருந்தால் நெடுஞ்சாலை அவருடைய குடும்ப மாளிகைக்குள் நுழைந்திருக்கும். மனிதர் வரைபடத்தில் ஒரு வளைவு வளைத்தார். ரோடு மாளிகைச் சுவரை உரசிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பி, இடலீனாவின் வீட்டை விழுங்கி, ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது.

"ரோடு கேட்டா வீடு வழி விடணும்மா. ஊருக்கு நல்லது" என்றார் அன்று, புல்டோசர் பக்கத்தில் நின்றுகொண்டு. வாடகை அறைக்குப் போன ஃபிர்மீனு ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை.

அந்த ரோட்டில் போகிறவனுக்குச் சுங்கம் கிடையாது. வண்டிக்கு இவ்வளவு என்று அரசாங்கம்தான் ரோடு போட்ட செர்ப்பாவின் கம்பெனிக்குக் கொடுக்கிறது. வண்டி கூடினால் அவர் காட்டில் மழை.

அந்த மழையைத்தான் இடலீனா இழுத்து வந்து கொட்டினாள். ரோட்டிலிருந்து இறங்குகிற இடத்தில் இந்தச் சாப்பாட்டுக்கடையைப் போட்டாள். லாரிக்காரர்களுக்குப் பாதி விலை, முட்டைக்கோஸ் சூப் இனாம். ஸ்பெயினிலிருந்து துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் பழைய வழியை மறந்து இந்த வழிக்குத் திரும்பின.

அதிலும் ஒரு கூத்து. சாப்பிட்டு முடித்த லாரி அங்கேயே மேலே ஏறித் தன் வழியில் போக முடியாது. வந்த பக்கமே பார்த்து ஏறி, பின்னால் விட்டு வந்த ஊர் வரை போய், அங்கே வளைத்துத் திரும்பி வர வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு லாரி அதே துண்டு ரோட்டை மூன்று தடவை கடக்கும்.

சமையலறைக்குள் வந்த அண்ணியை அல்பானு மறித்தான்.

"அண்ணி, உங்களுக்கு வெக்கமா இல்ல? காதுல கிடந்த தங்கத்தையும் வித்து ஊரான் லாரிக்குச் சோறு போடுறீங்க. பணம் போறது யாருக்கு? அண்ணனைக் கொன்ன ஆளுக்கு."

"கத்தாதடா. ரொட்டிய எடு."

"அண்ணன் கல்லறையில புரண்டு படுப்பார்."

"புரளட்டும். ஒரே பக்கமா படுத்தா அவருக்கு முதுகு வலிக்கும்" என்றாள் இடலீனா. சிரிக்கவில்லை. ரொட்டியைத் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

செர்ப்பா கறியைச் சுவைத்துக்கொண்டே, கொண்டுவந்திருந்த போர்ட் ஒயின் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இது உங்களுக்கு. பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காம நம்ம ரோட்டுக்கு உயிர் கொடுத்துட்டீங்க. ஒரு லாரி, மூணு தடவை. இந்த யோசனை எனக்கே வரலம்மா."

"எல்லாம் உங்க புண்ணியம் சார்."

"அன்னைக்கு ஊர்க்கூட்டத்துல, 'நெரிசல் வந்தா என்ன பண்ணுவீங்க'ன்னு கேட்டது நீங்கதானே? 'வந்தா எங்க செலவுலயே ரோட்டை அகலப்படுத்தி இன்னொரு தடம் போடுறோம்'னு சொன்னேன். ஊரே சிரிச்சுது." அவரும் சிரித்தார். "ரோடு முழுக்கப் பார்த்தா இன்னும் பாதிகூட நிரம்பலம்மா. பயப்படாம சோறு போடுங்க."

"ஆமா சார். நான்தான் கேட்டேன்" என்று இடலீனா இன்னொரு துண்டுக் கறியை வைத்தாள்.

அப்போது அவருடைய கைபேசி அடித்தது. மாளிகையைப் பார்த்துக்கொள்கிற செஃபெரீனு. அவன் போட்ட சத்தம் பக்கத்து மேஜைக்கே கேட்டது.

"சார், அரசாங்க ஆளுங்க வந்திருக்காங்க. நம்ம முன்கூடத்துக்கு நடுவுல சுண்ணாம்புக் கோடு போடுறாங்க. ரோட்டுக்கு இன்னொரு தடம் வேணுமாம்."

"என்னடா உளர்றே? ரோடு பாதி காலியாத்தானே கிடக்கு?"

"அதையும் சொன்னேன் சார். மொத்த ரோட்டையும் பார்க்க மாட்டாங்களாம். துண்டு துண்டாத்தான் பார்ப்பாங்களாம். நம்ம வீட்டை ஒட்டின இந்த ஒரு துண்டு மட்டும் ரொம்பி வழியுதாம். கம்பெனி செலவுல போடணும்னு ஒப்பந்தத்துல இருக்காம்."

"சரி, அந்தப் பக்கம் போடச் சொல்லு."

"அந்தப் பக்கம் ஆறு சார், பள்ளம். ரோட்டை அங்க ஒட்டவெச்சதே நீங்கதானாம். மிச்சம் இருக்கிறது நம்ம பக்கம்தான். வீட்டுல பாதி போயிடுமாம்."

செர்ப்பாவின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது. அல்பானு சமையலறை வாசலிலிருந்து வந்து அண்ணியை அன்றுதான் முதல் முறை பார்ப்பவன் மாதிரி பார்த்தான்.

இடலீனா அவசரப்படவில்லை. போர்ட் ஒயின் பாட்டிலைத் திறந்து அவருடைய கோப்பையை விளிம்பு வரை நிரப்பினாள். அன்று அவர் பேசிய அதே குரலில், அதே பதத்தில் சொன்னாள்:

"ரோடு கேட்டா வீடு வழி விடணும் சார். ஊருக்கு நல்லது."