காணாமல் போன நாய்

"அப்பா படம் உங்ககிட்டயே இருக்கும்ல அக்கா?" என்று கேட்டபடி மகள் அச்சுக் கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

இருந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன்பு இதே ஸ்டூலில் உட்கார்ந்துதான் அவள் 'காணவில்லை' போஸ்டர் அடித்துக்கொண்டு போனாள். வீட்டு வழி மறந்துபோன அப்பா, அன்று காலையில் செருப்புகூடப் போடாமல் வெளியே போனவர், திரும்பவே இல்லை.

நேற்றுத்தான் கிடைத்தார். பேருந்து நிலையத்தின் பின்சுவர் ஓரமாக, உயிரில்லாமல்.

இன்று அஞ்சலி அறிவிப்பு அடிக்க வேண்டும்.

கடைக்காரியைத் தெருவே டிசைன் அக்கா என்றுதான் கூப்பிடும். அவள் படத்துக்காகப் பழைய போஸ்டர் கோப்பைத் திறந்தாள். திறக்கும்போதே திரையை லேசாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

காரணம் இருந்தது.

அவள் கடையில் ஓடுவது இலவச மென்பொருள். கூடவே முப்பதாயிரம் கிளிப்ஆர்ட் படம், முந்நூறு டெம்ப்ளேட் என்று வாரிக் கொட்டியிருந்தார்கள். கேட்டது இருக்காது, கேட்காதது எல்லாம் இருக்கும். தொப்பி போட்ட பன்றி மட்டுமே பதினோரு விதம். பிறந்தநாளுக்கு நாற்பது டெம்ப்ளேட், சாவுக்குப் பதினான்கு. மனுஷன் காணாமல் போனால் அடிக்க ஒன்றுகூட இல்லை.

நாய் காணாமல் போனால் உண்டு.

அன்று மகள் முகத்தைப் பொத்தி அழுதுகொண்டிருந்தபோது, அக்கா சத்தம் காட்டாமல் அந்த நாயைத்தான் எடுத்தாள். நாய் இருந்த கட்டத்தில் அப்பாவை வைத்தாள். நான்கு மூலையிலும் இருந்த பாதச் சுவடுகளை அழித்தாள். 'கடிக்காது' என்ற இடத்தில் 'பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது' என்று அடித்தாள்.

தெரிந்தால் அந்தப் பெண் என்ன நினைக்கும்! நாயின் ஒரு மயிர்கூட அப்பாவின் மேல் ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று மூன்று முறை உற்றுப் பார்த்த பிறகுதான் அச்சுக்கு அனுப்பினாள்.

அந்த டெம்ப்ளேட்டில் அவளுக்குப் பிடித்துப்போனது ஒன்றே ஒன்று. தாளின் அடியில், சீப்புப் பல் மாதிரி, பத்துச் சீட்டு. ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் போன் நம்பர். ஆளைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கிழித்து எடுத்துப்போய்க் கூப்பிடலாம். இருநூறு தாளையும் அடுக்கி வைத்து, அக்காவே பிளேடால் கீறிக் கொடுத்தாள்.

"எல்லாச் சீட்டையும் கிழிச்சிருக்காங்கக்கா" என்றாள் மகள். "பஸ் ஸ்டாண்டு போஸ்டர்ல ஒண்ணுகூட மிச்சமில்ல. அத்தனை பேர் அவரைப் பாத்திருக்காங்க. ஒரு ஆளுக்காவது கூப்பிடணும்னு தோணல பாருங்க."

"மனுஷங்களா அவங்கெல்லாம்!"

அக்கா அதை ஒப்புக்குச் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. பன்னிரண்டு நாளாகப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

அஞ்சலி டெம்ப்ளேட்டில் ஒன்றைத் திறந்து, அப்பாவை அதில் கொண்டுவந்து வைத்தாள். பெயர், வயது, தேதி. கடைசி வரியை மகள் சொல்லச் சொல்ல அடித்தாள்.

'பார்த்தும் சொல்லாத ஊருக்கு நன்றி.'

தன் பங்குக்கு அக்கா அந்த வரியின் எழுத்தைத் தடிமனாக்கினாள்.

"தொடர்புக்கு நம்பர் போடணுமே."

"அதே நம்பர்தான்கா. பழைய போஸ்டர்லேர்ந்தே எடுத்துக்குங்க."

அக்கா பழைய கோப்புக்குப் போய் அடிப்பக்கம் வரைக்கும் இறங்கினாள். சீட்டுகள் வரிசையாக நின்றன. தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் இருந்த நம்பரைப் படித்தாள். மறந்துவிடாமல் வாய்க்குள் சொல்லிக்கொண்டே அஞ்சலித் தாளுக்குத் திரும்பி வந்தாள்.

அவள் அடிக்கும் முன்பே அந்த நம்பர் அங்கே இருந்தது.

அந்த இடத்தை அவள் இன்னும் தொடவே இல்லை. மென்பொருளோடு வந்தபடியே இருக்கிறது. மாதிரிக்காக யாரோ எங்கோ உட்கார்ந்து போட்ட நம்பர். சாவுக்கும் அதே நம்பர், நாய்க்கும் அதே நம்பர்.

அன்று பாதச் சுவட்டையெல்லாம் அழித்தவள், சீட்டில் இருந்த நம்பரை மாற்றவே இல்லை.

இருநூறு போஸ்டர். ஒவ்வொன்றிலும் பத்துச் சீட்டு. கிழித்தவர்கள் எல்லாரும் கூப்பிட்டுத்தான் இருப்பார்கள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நம்பரை ஒருவாட்டி வாயால சொல்லும்மா. சரிபாத்துக்கறேன்."

மகள் சொன்னாள். அக்கா ஒவ்வொரு இலக்கமாக அடித்தாள். சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தபோது வேறு ஏதோ வந்தது.

"அந்தக் கடைசி வரி வேணுமா? எடுத்துடலாமே."

"இருக்கட்டும்கா. கிழிச்சவங்களுக்கு உறைக்கட்டும்."

அச்சு இயந்திரம் ஒவ்வொரு தாளாகத் தள்ளியது. இருநூறும் வந்து முடியும்வரை அக்கா அதன் பக்கத்திலேயே நின்றாள். தாள்களைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு நீட்டினாள்.

வாங்கிக்கொண்ட மகள் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"இந்த ஊர்ல எனக்காகக் கஷ்டப்பட்டது நீங்க ஒருத்தர்தான்கா."

அக்கா தலையாட்டினாள்.