பக்கத்து வரிசை

ஜூன் 12, காலை எட்டு மணி, பழப்பயிர் ஆராய்ச்சிப் பண்ணை. புது உரம் போட்டு வளர்த்த வாழையில் ஒரு தாரின் சராசரி எடை பதினெட்டு கிலோ. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உரமே போடாமல் விட்ட பக்கத்து வரிசையிலும் அதே பதினெட்டு கிலோ.

ஆராய்ச்சியாளர் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தார். அது அவர் ஆறு வருடம் பாடுபட்டு உருவாக்கிய உரம். பத்து மணிக்கு நிபுணர் குழு வருகிறது. இந்தக் கணக்கைப் பார்த்தால் உரத்தைக் குப்பையில் போடச் சொல்வார்கள்.

தோட்டக்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. உரத்தை வெளிய வித்துட்டீங்களா?"

"ஐயோ மேடம்! ஒரு பிடி கூட கேட்டைத் தாண்டல."

"அப்போ மரத்துக்குப் போடவே இல்லையா?"

"மாசம் தவறாம போட்டேன். மூட்டையெல்லாம் காலி, வந்து பாருங்க."

"பொய் சொன்னா வேலை போயிடும்ணே."

தோட்டக்காரர் தலையைச் சொறிந்தார்.

"பக்கத்துல பக்கத்துல நிக்குதுங்க மேடம். ஒண்ணுக்கு விருந்து வச்சுட்டு இன்னொண்ணைப் பட்டினி போட எப்படி மனசு வரும்? ஆளுக்குப் பாதியா பிரிச்சுப் போட்டுட்டேன்."

சோதனை செல்லாது என்று அறிக்கை போனது. மறுமாதம் புதுக் கன்றுகள் நட்டார்கள். உரமில்லாத வரிசையைச் சுற்றி வேலி போட்டுப் பூட்டி, சாவியை ஆராய்ச்சியாளரே வைத்துக்கொண்டார்.